என் தப்பும் கொஞ்சம் உண்டு

வெர்லீன் ஸ்ட்ரவுட்டின் வலது கையை ஏரியில் ஒரு படகு நசுக்கியது. அந்தக் கைக்கு ஈடு கொடுக்கலாமா கூடாதா என்று வடக்கு கரோலினா மாநிலம் பதினெட்டு மாதம் உட்கார்ந்து யோசித்தது. யோசித்த லட்சணத்தைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

வெர்லீனுக்கு ஐம்பத்து நாலு வயது. முப்பத்தொரு வருஷமாக ஊர்க் கடைத்தெருவில் மூன்று நாற்காலி போட்டு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு, கோயில் விசேஷத்துக்கு, சவப்பெட்டியில் படுத்திருப்பவர்களுக்குக்கூட அவள்தான். ஊரில் பாதித் தலை அவள் கத்தரிக்குப் பழக்கம். இப்போது அந்தக் கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மடங்குவதில்லை. காப்பிக் கோப்பையையே இடது கையால்தான் பிடிக்கிறாள், கத்தரி எங்கே பிடிப்பது? இன்னொரு அறுவைச் சிகிச்சை செய்து ஒட்டிக்கொண்ட தசைநார்களைப் பிரித்துவிட்டால் விரல்கள் மடங்கும் என்று சார்லட் நகரத்து டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிப்போடப் போடப் பலன் குறையும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். அவளிடம் இருந்த மருத்துவக் காப்பீடு மாதாமாதம் பணம் வாங்குவதில் மட்டும் கெட்டி. ஆக, வழக்கு ஜெயித்தால் சிகிச்சை, இல்லையென்றால் கடைக்குப் பூட்டு.

விபத்து நடந்தது ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விடுமுறையில். ஹேகர் ஏரியின் ஒரு மூலையில், தங்கை ஒலீட்டாவும் அவள் புருஷனும் தங்கள் பான்டூன் படகை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். கூரையும் மெத்தை இருக்கைகளுமாக, வீட்டு வரவேற்பறையைத் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரியான படகு அது. அந்த மூலைக்குள் மெதுவாகத்தான் வரவேண்டும் என்று மிதவையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் யார் படிக்கிறார்கள்? வெர்லீன் வலது கையால் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மசாலா அடைத்த முட்டைத் தட்டை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வந்தான் ட்ரிப் அவெரெட். வீடு விற்கிற தரகன், நாற்பது வயது, புது விசைப்படகு, காது கிழியும் பாட்டு. பின்னால் கயிற்றில் கட்டிய ரப்பர் வளையத்தில் மிதந்து வந்த மச்சான் விழுந்துவிட்டானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நேராக வந்து மோதினான். இரண்டு படகுக்கும் நடுவில் மாட்டியது வெர்லீனின் கை.

கை நசுங்கியவள் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஐயையோ, மன்னிச்சிடுங்க தம்பி. உங்க புதுப் படகுல கீறல் விழுந்துடுச்சே."

ஒலீட்டாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. "ரத்தம் சொட்டுதுடி உனக்கு! அவன் படகுக்கு நீ அழறியா?" என்று அந்த இடத்திலேயே கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் அக்காளையும் ட்ரிப்பையும் மாறி மாறித் திட்டினாள்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் ஒரு பாத்திரம் நிறையச் சாப்பாடு போகும். பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் கொடுத்தவர் பெயர் இருக்கும். கூடவே நாலு வரி எழுதிய அட்டையும் போகும். அட்டை இல்லாமல் சாப்பாடு மட்டும் அனுப்புகிறவளைப் பற்றி ஊர் நாலு நாள் பேசும். மருத்துவமனையிலிருந்து வெர்லீன் வீடு திரும்பியபோது அவளுக்கே பதினோரு பாத்திரம் வந்திருந்தது. அதைத் தின்றுகொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ட்ரிப்புக்குப் போலீஸ் அபராதம் போட்டார்களாம், அவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம் என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். மகராசி எழுந்துவிட்டாள். ஒரு கையில் கட்டோடு இன்னொரு கையால் கேசரோல் என்று கோழியும் பாலாடையும் சேர்த்து அடுப்பில் வேகவைக்கிற பதார்த்தம் செய்து, மேலே பிஸ்கட்டை நொறுக்கித் தூவி, இடது கையால் கோணல்மாணலாக அட்டையும் எழுதினாள்.

'அன்புள்ள ட்ரிப், நீங்கள் மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். என் தப்பும் கொஞ்சம் உண்டு. முட்டைத் தட்டிலேயே கண்ணாக இருந்துவிட்டேன், நீங்கள் வருவதைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்காகப் பிரார்த்திக்கிறேன். வெர்லீன்.'

ஒலீட்டாதான் காரோட்டிக்கொண்டு போனாள். வழி முழுக்க வாயை மூடவில்லை. "இடிச்சவனுக்கு விருந்து வைக்கிற முதல் ஆள் நீதான்கா. அடுத்த வாரம் வந்து இடது கையையும் நசுக்கிட்டுப் போங்கன்னு எழுதினியா அதுல?"

"சும்மா இருடி. அவனும் மனுஷன்தானே."

மனுஷன்தான், யார் இல்லை என்றது? ட்ரிப்பின் மனைவி அந்த அட்டையைப் படித்து அழுதாள். இவ்வளவு நல்ல அட்டையைத் தூக்கிப்போட மனசு வராமல் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஒரு மாதம் கழித்து ட்ரிப்பின் படகுக் காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து சமையலறையில் காப்பி குடித்தான். பால் எடுக்க அந்த அம்மாள் குளிர்பெட்டியைத் திறந்தபோது கதவு அவன் பக்கம் திரும்பியது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வக்கீல் கார்லைல் பெக்கின் அலுவலகம் வங்கிக்கு மாடியில் இருந்தது. வழக்கை எடுத்துக்கொண்டபோது அவருக்கு ஒரே உற்சாகம். மெதுவாக வரவேண்டிய இடத்தில் வேகம், பார்வை பின்னால், போலீஸ் அபராதம் வேறு. இதைவிடச் சுத்தமான வழக்கு கிடையாது என்றார். அட்டையின் படம் எதிர்த்தரப்பிலிருந்து வந்த அன்றைக்கு வெர்லீனையும் ஒலீட்டாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெர்லீன் அம்மா, இதை எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"கேசரோல் கொடுக்கறதுக்கு வக்கீல்கிட்ட கேட்கணுமாங்க?"

"நம்ம மாநிலத்துல கேட்கணும்மா." அவர் சிரிக்கவில்லை. "இங்க சட்டம் எப்படின்னா, இடிச்சவன் மேல தொண்ணூத்தொன்பது பங்கு தப்பு, உங்க மேல ஒரே ஒரு பங்குன்னு ஜூரி நினைச்சாலும் முடிஞ்சுது. ஒரு பங்கைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் கொடுக்கற பேச்சே கிடையாது. மொத்தமா பூஜ்யம்."

ஒலீட்டா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "இது என்னய்யா அநியாயம்? எல்லா ஊர்லயும் இப்படித்தானா?"

"எல்லா ஊர்லயும் இருந்தா மனசாவது ஆறும். நாட்டுலயே நாலஞ்சு இடத்துலதான் மிச்சம் இருக்கு. தெற்கு கரோலினா எல்லை இங்கிருந்து கார்ல அரை மணி நேரம். அங்க பத்துப் பங்கு உங்க தப்புன்னா பத்தைக் கழிச்சுட்டு தொண்ணூறைக் கொடுப்பாங்க."

"அப்போ அரை மணி நேரம் தள்ளிப் போய் முட்டை தின்னிருக்கணும்" என்றாள் ஒலீட்டா. "அக்கா, அடுத்த தடவை கை நசுங்கறதுக்கு முன்னாடி எல்லை தாண்டிட்டோமான்னு பார்த்துக்கோ."

சட்டம் செய்த பெரியவர்களைக் குறை சொல்லக்கூடாது. ஒரு துளித் தப்பும் செய்யாத மனிதர்களுக்காக அவர்கள் சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னும் பிறக்கவில்லை என்பது சட்டத்தின் குற்றமா? பிறந்து, வளர்ந்து, படகில் ஏறி, அடிபட்டுக்கொண்டு வரட்டும், ஈடு தயாராக இருக்கிறது.

விசாரணைக்கு முந்தின வாரம் கார்லைல் அவளுக்குப் பாடம் எடுத்தார்.

"அட்டையைப் பத்திக் கேட்பாங்க. அது சும்மா மரியாதைக்கு எழுதினது, அதுல ஒரு அர்த்தமும் கிடையாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அப்படிச் சொன்னா நான் பொய் எழுதினேன்னு ஆகாதா?"

"பொய் இல்லம்மா. நாகரிகம்."

"முப்பத்தொரு வருஷமா எத்தனை வீட்டுக்கு அட்டை எழுதியிருக்கேன். அதெல்லாமும் அர்த்தமில்லாததுன்னு நினைச்சுப்பாங்களே." அவள் முகம் வாடிவிட்டது. கார்லைல் எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து அதே பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஜூரிக்கு ஆள் பிடிக்கவே இரண்டு நாள் ஆனது. யாரைக் கேட்டாலும் "அவங்கதான் எனக்கு முடி வெட்டினாங்க" என்று சொல்லி எழுந்து போனார்கள். கடைசியில் மாவட்டத்தின் மறுகோடியிலிருந்து, அவள் கடையைப் பார்த்தே இராத பன்னிரண்டு பேர் சிக்கினார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண், வான்கோழிப் பண்ணைக்காரர் லெட்பெட்டர் இப்படி. யாரைப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. கார்லைலுக்கு நம்பிக்கை வந்தது. நல்ல மனிதர்கள், இரக்கப்படுவார்கள் என்று வெர்லீனிடம் சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் மிஸ் ஹாலோவெல் சார்லட்டிலிருந்து வந்திருந்தாள். குரலில் தேன் சொட்டும். ட்ரிப் மேல் தப்பு இல்லை என்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அவசியமும் இல்லையே. வெர்லீன் கூண்டில் ஏறி, கார்லைல் கேட்டதும், மரியாதைக்குத்தான் எழுதினேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தாள். ஹாலோவெல் எழுந்தாள்.

"மிஸஸ் ஸ்ட்ரவுட், கை இப்போ எப்படிம்மா இருக்கு? ரொம்ப நேரம் உங்களை உட்கார வைக்க மாட்டேன். இந்த அட்டை உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா. இடது கை. கோணலா இருக்கும், மன்னிச்சுக்கோங்க."

"அழகாத்தான் இருக்கு. அவெரெட் குடும்பத்துக்கு நீங்க பொய் எழுதினீங்களா?"

"சேச்சே, பொய்யெல்லாம் எழுத மாட்டேன்ம்மா."

கார்லைல் பேனாவை மேஜையில் வைத்தார்.

"அப்போ, தட்டைப் பார்க்காம ஏரியைப் பார்த்திருந்தா படகு வர்றது தெரிஞ்சிருக்குமா?"

வெர்லீன் யோசித்தாள். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள், அதுவும் மடங்காத கையை வைத்து. "தெரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"கையை எடுத்திருப்பீங்களா?"

"எடுத்திருப்பேன்னுதான் தோணுதும்மா."

"ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி ஹாலோவெல் உட்கார்ந்துகொண்டாள்.

கார்லைல் மறுபடி எழுந்து என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். தபால்காரரிடம் மழைக்கு மன்னிப்புக் கேட்பீர்களாமே, கடை நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பீர்களாமே என்றார். ஜூரியில் சிரித்தார்கள். பஸ் ஓட்டுகிற பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்களுக்கு வெர்லீனை ரொம்பப் பிடித்துவிட்டது என்பது குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூரிக்கு மூன்று கேள்வி எழுதிய தாள் ஒன்று போனது. ட்ரிப்பின் கவனக்குறைவால் வெர்லீனுக்குக் காயம் ஏற்பட்டதா? வெர்லீனின் கவனக்குறைவும் அதற்குக் காரணமா? அவளுக்கு எவ்வளவு தொகை தரவேண்டும்? இரண்டாவதற்கு ஆமாம் என்றால் மூன்றாவதற்குப் போகக்கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அது ஏன் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வது வழக்கமில்லையாம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜூரி அறையிலிருந்து நீதிபதிக்கு ஒரு சீட்டு வந்தது. நீதிபதி அதை வக்கீல்களுக்கு வாசித்துக் காட்டினார்.

'ஐயா, முதல் கேள்விக்கு ஆமாம் என்று எழுதிவிட்டோம். இரண்டாவதற்கும் ஆமாம் என்றே எழுதினோம். அந்த அம்மாளே அப்படிச் சொன்னார், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. இப்போது அவருக்கு நல்ல தொகையாகக் கொடுக்க எல்லோரும் ஒரே மனதாக விரும்புகிறோம். மூன்றாவதற்குப் போகாதே என்று தாளில் இருக்கிறது. தொகையை எங்கே எழுதுவது?'

ஒலீட்டாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "எங்கே எழுதறதாம்! என் நெத்தியில எழுதச் சொல்லுங்க" என்று முணுமுணுத்தாள். கார்லைல் எழுந்து, அந்த ஆமாமுக்கு என்ன பொருள் என்று ஜூரிக்கு விளக்கிச் சொல்லும்படி கெஞ்சினார். ஹாலோவெல் ஆட்சேபித்தாள். நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு பேரையும் வரவழைத்து, தாளில் உள்ளபடியே செய்யுங்கள் என்றார்.

பஸ் ஓட்டுகிற பெண்தான் தலைமை ஜூரி. "அப்போ அவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காதாங்கய்யா?" என்று கேட்டுவிட்டாள்.

"அது உங்க கவலை இல்லம்மா. உங்க கவலை அந்தக் கேள்விங்க மட்டும்தான்."

அவர்களுக்குப் புரிந்துவிட்டது. முகங்கள் வெளுத்துப் போயின. உள்ளே போனார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து அதே தாளைக் கொடுத்தார்கள். மாற்றியிருக்கலாமே என்றால், சத்தியம் செய்திருக்கிறார்கள், அந்த அம்மாள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள், மேலும் பேனாவால் எழுதியாகிவிட்டது. நல்ல மனிதர்கள் பேனாவால் எழுதியதை அடிக்க மாட்டார்கள்.

கார்லைல் விடவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும் என்றார். அந்த உரிமை சட்டத்தில் இருந்தது. அவர் வெர்லீன் பக்கம் குனிந்து காதில் சொன்னார்: "பன்னண்டு பேரும் சம்மதம்னு சொன்னாத்தான் இந்தத் தீர்ப்பு செல்லும். ஒருத்தர், ஒரே ஒருத்தர் இல்லைன்னு சொல்லிட்டா போதும். திரும்ப உள்ள போய் முதல்லேருந்து பேசணும். இப்போ விஷயம் தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு. பார்க்கலாம்."

வெர்லீன் தலையாட்டினாள். மேஜைக்கு அடியில் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்ன எச்சரிக்கை அவளுக்கு நினைவிருந்தது. கடை வாடகையும் நினைவிருந்தது. கடவுளே, ஒருத்தர் மட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தனக்காக அவள் எதையும் கேட்டு நாளாகியிருந்தது.

நீதிபதி முதலில் பஸ் ஓட்டுகிற பெண்ணை எழுப்பினார். "இது உங்க தீர்ப்புதானா? இப்பவும் இதுக்குச் சம்மதமா?"

"ஆமாங்கய்யா." அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அடுத்தவர் ஆமாங்கய்யா. அதற்கடுத்தவர் ஆமாங்கய்யா. ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். என்ன மரியாதை, என்ன அடக்கம்! பதினோரு ஆமாங்கய்யா வரிசையாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒலீட்டாவின் பல் நறநறத்தது.

பன்னிரண்டாவதாக எழுந்தார் வான்கோழிப் பண்ணைக்காரர் லெட்பெட்டர். ஆறடி உயரம், அறுபது வயது, தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார்.

"இது உங்க தீர்ப்புதானா? இப்பவும் இதுக்குச் சம்மதமா?"

லெட்பெட்டர் தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

"மிஸ்டர் லெட்பெட்டர்?"

"ஐயா, நான் ஒண்ணு கேட்கலாங்களா?"

"கேட்க முடியாதுங்க. ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு."

லெட்பெட்டரின் கழுத்து சிவந்தது. மற்ற பதினோரு பேரும் அவரையே பார்த்தார்கள். ஹாலோவெல் முதல் தடவையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுய்யா" என்று ஒலீட்டா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "இல்லைன்னு சொல்லுய்யா, ஒரு வார்த்தைதானே, உன் வான்கோழி எல்லாம் நல்லா இருக்கும்." அவர் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. பாவம், இத்தனை பேர் நடுவில் இப்படி நிற்க வாழ்நாளில் பழகியிராத மனிதர். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வெர்லீனைப் பார்த்தார்.

வெர்லீனும் அவரைப் பார்த்தாள். ஒருவர் வார்த்தை கிடைக்காமல் இப்படித் தவித்து நிற்பதை, அதுவும் தன்னால் நிற்பதை, அவளால் ஒரு நாளும் தாங்க முடிந்ததில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரே ஒரு இல்லை போதும் என்று தெரியும். தெரிந்துதான் இருந்தாள். இருந்தும் அவள் முகம் தானாகச் சிரித்தது. பரவாயில்லைங்க, என்கிற மாதிரி தலை லேசாக அசைந்தது.

"ஆமாங்கய்யா" என்றார் லெட்பெட்டர்.

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்த்து வெர்லீனுக்கும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் பக்கத்தில் ஒலீட்டா அழுவது அவள் காதில் விழுந்தது.